மிஹ்ராபில் ஒரு முன்ஷியின் எழுத்து

தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் பணிபுரியும் எம் பழைய மாணவர் ஒருவர், சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளியில் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து எம்மிடம் வினவினார்: "ஹஜ்ரத், மிஹ்ராபில் பொறித்திருப்பது இந்து ஒருவர் இயற்றியதாமே! அது எவ்வாறு ஆகும்?"

வினாவில் வியப்பைவிடக் கலக்கமே மிகுந்திருந்தது. விடையைப் பாரசீக இலக்கியத்திலிருந்து தொடங்கினோம்.

பாரசீகக் கஸீதாக்களில் அரசரைப் பாடுவோர் வாளைப் புகழ்வர். அமைச்சரையும் தபீர் எனப்படும் அரசவை எழுத்தரையும் பாடுவோர் எழுதுகோலைப் புகழ்வர். வலக்கரம் துண்டிக்கப்பட்ட அப்பாஸிய அமைச்சர் இப்னு முக்லாவின் (மறைவு கி.பி. 940) பெயர் அழகிய கையெழுத்துக்கே உவமையாயிற்று. நிஜாமீ அரூளீ 12ஆம் நூற்றாண்டில் எழுதிய 'சஹார் மகாலா', அரசருக்கு இன்றியமையாத நால்வருள் தபீரை முதலில் வைத்து, கவிஞரை அவருக்கு அடுத்தே நிறுத்துகிறது. கவிஞர்கள் இதை எவ்வாறு பொறுத்தனரோ!

இந்தியாவில் இந்த மதிப்பை இந்துக்களும் பெற்றனர். ஷாஜஹானின் முன்ஷி சந்தர் பான், 'பிரஹ்மன்' என்னும் புனைபெயரிலேயே பாரசீகக் கவிதை பாடினார். தம் மகனுக்கு வரைந்த கடிதத்தில் கையெழுத்துப் பயிற்சியை வலியுறுத்தினார்.

அவ்வழி வந்தவரே ஆற்காடு நவாப் முஹம்மது அலீ வாலாஜாவின் முன்ஷி ராஜா மக்கன் லால். புனைபெயர் 'கிரத்', அறிவு என்பது பொருள். பள்ளிவாசலின் ஆண்டை அப்ஜத் கணக்கில் சொற்களாக்கியவர் அவர். 'திக்ர்' 920, 'அல்லாஹ்' 66, 'அக்பர்' 223. கூடினால் ஹிஜ்ரி 1209, அதாவது கி.பி. 1794-95. இவை அல்அன்கபூத் அத்தியாயம் 45ஆம் வசனத்தின் சொற்கள். வசனத்தில் இவற்றின் முன்னுள்ள வாவையும் லாமையும் சேர்த்தால் 36 மிகும். ஆதலின் அவற்றை விடுத்தார். திருமறையை எழுத்தெழுத்தாக எண்ணிப் பார்த்தவர்க்கன்றோ இது கைகூடும்! ஆண்டைக் குறிக்கும் அச்சொற்களில் நவாபின் பெயரும் இல்லை, தம் பெயரும் இல்லை. 1795 அக்டோபரில் நவாப் மறைந்தார்.

அவ்வழித்தோன்றலான நவாப் குலாம் கௌஸ் கான், 'அஃஜம்' என்னும் புனைபெயர்க் கவிஞர். கர்நாடகப் பகுதியின் பாரசீகக் கவிஞர் வரலாறுகளை 'ஸுப்ஹே வதன்', 'குல்ஜாரே அஃஜம்' என இரு நூல்களாகத் தொகுத்தார். 1855இல் அவர் மறைந்ததோடு நவாபு ஆட்சிப் பட்டம் முடிந்தது. அந்நூல்களைப் படிக்க வல்ல மாணவரை இன்று நாம் விரல்விட்டு எண்ணலாம். அவர்களுக்குப் பாரசீகம் கற்பிக்காத குறை எம்முடையதே.

அரபு எழுத்துகளை ஒவ்வொன்றாக அதன் எண்ணோடு தாளில் வரைந்து கொடுத்தோம். மாணவர் கைப்பேசியில் கூட்டிப் பார்த்தார். முதன்முறை ஓர் அலிஃபை விட்டுவிட்டார். மறுமுறை 1209 வந்தது.