எக்ஸ்ரேயில் விழாதவை

வளைகுடாவுக்குக் கிளம்புகிறவர் முதலில் தாண்ட வேண்டியது மெடிக்கலை. ரத்தம், நெஞ்சு எக்ஸ்ரே, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி. என்றோ வந்து ஆறிப்போன காசநோயின் தழும்பு படத்தில் தெரிந்தாலே பலருக்கு ‘அன்ஃபிட்’ விழுந்திருக்கிறது. 1973-ல் எண்ணெய் விலை ஏறி, கட்டட வேலைக்கு ஆட்கள் திரண்டு வந்த பிறகு வேரூன்றிய வழக்கம் இது.

மருத்துவ ஆராய்ச்சியும் வெகுகாலம் இதே கண்ணோடுதான் பார்த்தது. வருகிறவன் என்ன கொண்டுவருகிறான்? மலேரியாவா, குடல் புழுவா, காசநோயா? அவன் என்ன நோயோடு ஊர் திரும்புகிறான் என்று கேட்டவர்கள் குறைவு. திடமானவரைப் பொறுக்கி எடுத்து, முடியாதவரை விமானம் ஏற்றிவிட்டால், மிச்சமிருப்பவர்கள் கணக்கில் ஆரோக்கியமாகத்தானே தெரிவார்கள்? நோய் ஊரில், அறந்தாங்கியின் கணக்கில் போய்ச் சேரும். அங்கே அது வெறும் சர்க்கரை, வெறும் பிரஷர்.

துபாய் சத்வாவில் நான் நிற்கும் மருந்துக்கடைக்கு விடுமுறை நாள் மாலையில் வருகிறவர்கள் அதிகம் கேட்பது வலி மாத்திரை.

“முழங்கால் புடிச்சுக்குதுண்ணே, போன தடவை குடுத்ததே குடுங்க.”

“தண்ணி குடிக்கிறீங்களா தம்பி? ஒண்ணுக்கு என்ன நிறத்துல போகுது?”

“மஞ்சளாத்தான். பாத்ரூம் தூரம்ணே, அதான் குறைச்சுக்கிறேன்.”

வியர்த்து நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். டைக்ளோஃபினாக் அதை இன்னும் சுருக்கும். அதனால் பாரசிட்டமாலும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் எடுத்து வைக்கிறேன். பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

ஆய்வாளர்களின் கேள்வி இந்த நூற்றாண்டில்தான் திசை மாறியது. சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இல்லாமலே விவசாயத் தொழிலாளர்களுக்குச் சிறுநீரகம் பழுதாவதை 2002-ல் எல் சால்வடோர் மருத்துவர்கள் எழுதினார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தில் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டு உப்பளங்களில் வெயிலையும் சிறுநீரகத்தையும் சேர்த்து அளந்தார்கள். 2019-ல் வந்த ஆய்வு கத்தாரில் இறந்த நேபாளிகளைப் பற்றியது: 2009 முதல் 2017 வரை இதய நோயால் இறந்ததாகப் பதிவான 571 பேரில் 200 பேர் வரை, வெயிலிலிருந்து பாதுகாத்திருந்தால் பிழைத்திருக்கலாம். பெரும்பாலும் இளைஞர்கள். அவர்களும் மெடிக்கல் பாஸானவர்கள்தானே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

சட்டம் அசையாமல் இல்லை. அமீரகத்தில் மதிய வெயிலில் வெளிவேலைக்குத் தடை 2005-ல் வந்தது. இப்போது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, 12.30 முதல் 3 மணி வரை. துபாயில் 2013-ம் ஆண்டுச் சட்டம் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. சம்பளம் குறைந்தவருக்கும் கையில் கார்டு உண்டு. ஆனால் அது விசாவோடு முடிந்துவிடும். பழுதான சிறுநீரகம் ஊருக்கு உடன் வரும்.

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீடு வீடாக பிரஷர் பார்க்கிறது, வயிற்று வழி டயாலிசிஸ் பைகளையும் கொண்டுபோய்க் கொடுக்கிறது. அந்தத் திட்டத்தின் பதிவேட்டில் இரண்டு கேள்விகள் வேண்டும்: எந்த நாட்டில், எத்தனை கோடை வெயிலில் வேலை பார்த்தீர்கள்? ராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் முதலில் கேட்கட்டும்.