தரவுத்தள இணையத்தளம்

பயனர் கேட்பதற்கேற்பத் தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுத்து, பக்கத்தை உடனுக்குடன் உருவாக்கித் தரும் இணையத்தளம். தமிழில் இதற்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு, 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா. அதை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. கட்டுரைகள் மரியாடிபி தரவுத்தளத்தில் உள்ளன.

செயற்பாடு: மலேசியாவின் ஜொகூர் மாநிலம், பத்து பகாட் மாவட்டத்திலுள்ள யோங் பெங் நகரைப் பற்றி இத்தகைய தளத்தில் ஒருவர் தேடினால், உலாவி அச்சொல்லை வழங்கிக்கு அனுப்பும். வழங்கியிலுள்ள நிரல் அதைத் தரவுத்தள வினவல் மொழியான எஸ்கியூஎல்லில் வினவலாக்கித் தரவுத்தளத்திடம் கேட்கும். கிடைத்த விடையை எச்டிஎம்எல் பக்கமாக்கித் திருப்பி அனுப்பும்.

தமிழ்த் தரவு: யுடிஎப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியுருவும் (எழுத்து, துணைக்குறி, புள்ளி ஒவ்வொன்றும் தனித்தனியே) 3 பைட் இடம் கொள்ளும். ‘யோங் பெங்’ என்ற பெயரில் 8 தமிழ்க் குறியுருக்களும் ஓர் இடைவெளியும் உள்ளதால் 25 பைட் தேவை. மைஎஸ்கியூஎல், மரியாடிபி அட்டவணைகளுக்கு யுடிஎப்8எம்பி4 குறியாக்கமே ஏற்றது.

தொடங்குவோர் முதலில் ஒரே அட்டவணையை அமைத்து, பதிவுகளைச் சேர்த்தல், காட்டல், திருத்தல், நீக்கல் ஆகிய நான்கையும் பழகலாம். பயனர் தட்டச்சிடுவதை வினவலில் நேரடியாக ஒட்டினால் எஸ்கியூஎல் ஊடுருவலுக்கு, அதாவது உள்ளீட்டின் வழியே தீய கட்டளைகளைப் புகுத்தும் தாக்குதலுக்கு, வழி திறந்துவிடும். அதைத் தவிர்க்க, உள்ளீட்டை வினவலிலிருந்து தனியே அனுப்பும் முன்தயாரித்த வினவல்களையே பயன்படுத்த வேண்டும்.