குறை கூறும் சுவைஞர்: கூத்துக்களரியும் விண்பயணப் படங்களும்

கலை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் சிகரங்களையே தொடர்ந்து செல்வர். தலைசிறந்த காவியம் எது, தலைசிறந்த நாடகம் எது, அவற்றை ஆக்கியோர் யாவர் என்பனவே வரலாற்று நூல்களில் அத்தியாயங்களாக விரிகின்றன. தாழ்ந்த ஆக்கங்களுக்கு அடிக்குறிப்பிலும் இடம் கிடைப்பது அரிது. ஆயினும் ஒரு கலையைத் தலைமுறை தலைமுறையாகச் சுவைத்துவரும் மக்களிடையே, சிறந்தது எது என்ற வினாவிலும் தாழ்ந்தது எது என்ற வினாவே மிகுந்த வாதத்தை எழுப்புகின்றது. சிறந்ததைப் பற்றி விரைவில் உடன்படுவோர் தாழ்ந்ததைப் பற்றி விடியும்வரை வழக்காடுவர். அவ்வழக்கு வீண்பேச்சு எனத் தள்ளத்தக்கதன்று. எழுதிவைத்த இலக்கணம் இல்லாத கலைக்கு அதுவே இலக்கணமாகின்றது.

தமிழிலக்கண மரபு இதனை உணர்ந்திருந்தது. தொல்காப்பிய மரபியல் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை வகுத்துரைத்தது. நன்னூலார் தம் பாயிரத்தில் பத்துக் குற்றத்தை முன்னும் பத்து அழகைப் பின்னும் வைத்தார். குற்றம் இன்னதென அறியாதவன் அழகையும் அறியான் என்பது அவ்வைப்புமுறையின் உட்கிடை எனலாம்.

இவ்வுண்மை நூலுக்கு மட்டுமன்றி ஆடப்படும் கலைக்கும் பொருந்துமா என்பதை ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரு சுவைஞர் கூட்டங்களை வைத்து ஆராயலாம். ஒன்று மட்டக்களப்பு வாவிக்கரையின் கூத்துச் சுவைஞர். மற்றது 1966 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றி, அரை நூற்றாண்டு கடந்தும் தொடரும் 'ஸ்டார் ட்ரெக்' என்னும் விஞ்ஞானக் கற்பனை வரிசையின் சுவைஞர். இரு சாராருக்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. கதையின் முடிவை அறிவதற்காக அவர்கள் வருவதில்லை. முன்பே அறிந்த பாத்திரங்கள் இம்முறை எவ்வாறு நடத்தப்படுகின்றன என்பதைக் காணவே வருகின்றனர்.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறாவூரை நோக்கிச் செல்லும் வீதியில், வாவியை அண்டி அமைந்தது தன்னாமுனை. புனித வளனார் ஆலயத்தையுடைய இக்கத்தோலிக்க ஊரைக் கடந்து, ஏறாவூர், செங்கலடி வழியே சென்றால் கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள வந்தாறுமூலையை அடையலாம். இவ்வாவியின் இரு கரைகளாகிய எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பரந்துகிடக்கும் ஊர்கள் பல, வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்து மரபுகளைப் பேணி வந்தவை. வடமோடி பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க்கதைகளைக் கொண்டு வீறுமிக்க ஆட்டத்தால் சிறந்தது. தென்மோடி காதற்கதைகளையும் பிறவற்றையும் கொண்டு இசைநுட்பத்தாலும் தாள நுட்பத்தாலும் சிறந்தது.

இக்கலையின் சுவைஞர் உருவான முறை கருதத்தக்கது. அண்ணாவியார் ஆடுவோர்க்குச் சட்டம் கொடுக்கும் நாள் தொடங்கி, சதங்கை அணிவிழாவைக் கடந்து, அரங்கேற்றம்வரை பயிற்சி மாதக்கணக்கில் நிகழும். ஊரார் அப்பயிற்சியை இரவுதோறும் வந்து பார்ப்பர். எனவே அரங்கேற்ற இரவில் களரியைச் சூழ அமர்ந்திருப்போர், நடிகனுக்கு அடுத்த வரி மறந்தால் எடுத்துக்கொடுக்க வல்லவராயிருந்தனர். அரசனுக்குரிய வரவுத் தாளக்கட்டு எது, பெண் பாத்திரத்துக்குரியது எது என்பதை அவர்கள் ஏட்டில் படித்தறியவில்லை. கால் பிழைத்தவனைக் கண்டும், மத்தளத்தோடு ஒட்டாத குரலைக் கேட்டும், அதனைப் பற்றி மூத்தோர் மறுநாள் பேசியதைச் செவிமடுத்தும் அறிந்தனர். பிழையைப் பற்றிய பேச்சே கூத்தின் விதியைத் தலைமுறைகளுக்குக் கடத்திற்று. வடமோடியைப் போற்றுவோர் தென்மோடியில் வீறு குறைவு என்பர். தென்மோடியைப் போற்றுவோர் வடமோடியில் நுட்பம் குறைவு என்பர். இவ்வாதம் இரண்டில் எதனையும் அழிக்கவில்லை. இரண்டையும் தத்தம் தனித்தன்மை கெடாது காத்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வாதம் புதியதொரு வடிவம் பெற்றது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த எதிரிவீர சரச்சந்திர 1956 இல் மேடையேற்றிய 'மனமே' என்னும் சிங்கள நாடகம், நாட்டார் மரபிலிருந்து தேசிய நாடகம் பிறக்கலாம் என்பதைக் காட்டிற்று. அங்கேயே தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தின்பால் திரும்பினார். 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1964), 'வாலிவதை' (1968) ஆகியன பல்கலைக்கழக மாணவரால் ஆடப்பட்டன. இரவு முழுவதும் ஆடிய கூத்து ஓரிரு மணி நேரத்துள் சுருக்கப்பட்டது. நாற்புறமும் மக்கள் சூழ்ந்த வட்டக்களரி, ஒருபுறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு இடங்கொடுத்தது. திரும்பத் திரும்ப வரும் பாடல்கள் குறைக்கப்பட்டன. உச்சரிப்புத் திருத்தம் பெற்றது. பாத்திரத்தின் அகவுணர்வுக்கு நடிப்பில் இடமளிக்கப்பட்டது.

இம்முயற்சியே கூத்தை நகர மக்களிடமும் கற்றோரிடமும் கொண்டு சேர்த்தது என்பதை மறுப்பார் இலர். அதுவரை கூத்தைப் படியாதோர் பொழுதுபோக்கு என இகழ்ந்தவர்களும் அதனை ஒரு நாடக மரபாக ஏற்றனர். அவர்கள் பார்வையில் தாழ்ந்தது கிராமத்தின் நீண்ட கூத்து: கூறியதையே கூறும் குற்றம் அதற்குண்டு. களரியின் பார்வையிலோ தாழ்ந்தது சுருங்கிய கூத்து: வரவாட்டம் குறைந்து, ஆடுவோனின் வலிமையை விடியும்வரை சோதிக்கும் வாய்ப்பு நீங்கி, பார்ப்போரும் பாடுவோரும் ஒன்றாகும் நிலை அற்றுப்போயிற்று. இரு சாராரும் ஒரே சொல்லால் வெவ்வேறு பொருளைச் சுட்டினர். ஒரு சாராருக்குக் கூத்து என்பது நாடகம். மற்றவருக்கு அது ஊர் கூடிச் செய்யும் சடங்கும் விழாவும் ஆகும். எது தாழ்ந்தது என்ற வினா எழுந்திராவிடின் இவ்வேறுபாடு வெளிப்பட்டிராது.

ஏறத்தாழ அதே காலத்தில், கடல் கடந்த ஒரு நாட்டில், முற்றிலும் வேறான ஒரு கலையில் இதே வினா எழுந்தது. 'ஸ்டார் ட்ரெக்' தொடர் நிறுத்தப்படும் நிலைக்கு வந்தபோது சுவைஞர்கள் பெருந்தொகையாகக் கடிதம் எழுதியமையால் மூன்றாம் ஆண்டும் அது ஒளிபரப்பாயிற்று. 1969 இல் நின்றுபோன அத்தொடர் 1979 இல் திரைப்படமாக மீண்டது. றொபேட் வைஸ் இயக்கிய அம்முதற் படத்தை, நகர்வே இல்லாத படம் எனச் சுவைஞர் எள்ளினர். 1982 இல் வந்த இரண்டாம் படம் பெரிதும் போற்றப்பட்டது. நடிகர் வில்லியம் ஷட்னர் இயக்கி 1989 இல் வெளிவந்த ஐந்தாம் படம் கடுங்கண்டனத்துக்கு இலக்காயிற்று. 1988 இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் செய்த வேலைநிறுத்தம் அதன் ஆக்கத்தைத் தாமதப்படுத்தியது. காட்சி நுட்பங்களும் முன்னைய படங்களின் தரத்தை எட்டவில்லை. எனினும் மூன்று நண்பர்கள் தீமூட்டி அமர்ந்து அளவளாவும் காட்சியைச் சுட்டி, தொடரின் உயிர் அப்படத்தில் உண்டு என வாதிடுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர்.

இவ்வாதங்களிலிருந்து சுவைஞர் ஒரு விதியையே வகுத்துக்கொண்டனர். ஒற்றை எண் பெற்ற படங்கள் தாழ்ந்தவை, இரட்டை எண் பெற்றவை உயர்ந்தவை என்பதே அது. 2002 இல் பத்தாம் படம் தோல்வியுற்றபோதும், 2009 இல் பதினோராம் படம் வரவேற்புப் பெற்றபோதும் அவ்விதி பொய்த்தது. விதி பொய்த்தமை வாதத்தை நிறுத்தவில்லை. எண்ணில் தேடிய அளவுகோலை இனிப் பொருளில் தேட வேண்டும் என்பதையே அது உணர்த்தியது. முதற் படத்தின் தீர்ப்பும் மாறியது. 2001 இல் இயக்குநரே திருத்தி வெளியிட்ட வடிவத்தைக் கண்ட பலர், மந்தம் என முன்னர் இகழ்ந்த நடையில் ஆழ்ந்த அமைதியைக் கண்டனர்.

2013 ஆம் ஆண்டு லாஸ் வேகாஸ் நகரில் கூடிய சுவைஞர் மாநாட்டில் அதுவரை வெளிவந்த படங்கள் வரிசைப்படுத்தப்பட்டன. இரண்டாம் படம் முதலிடம் பெற்றது. அவ்வாண்டில் வெளிவந்து, உலக அளவில் அவ்வரிசையின் மிகப் பெரிய வசூலை ஈட்டிய பன்னிரண்டாம் படம் இறுதியிடத்துக்குத் தள்ளப்பட்டது. இரண்டாம் படத்தின் உருக்கமான மரணக் காட்சியை அது பாத்திரங்களை மட்டும் மாற்றி மீண்டும் காட்டியது என்பது சுவைஞரின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. வியப்புக்குரியது மற்றொன்று. அவ்வரிசையைச் சேராததும், அதனையே அன்போடு கேலி செய்வதுமான 'கலக்ஸி குவெஸ்ட்' (1999) என்னும் நகைச்சுவைப் படத்தையும் அவர்கள் அப்பட்டியலிற் சேர்த்து, தொடரின் பல படங்களுக்கு மேலாக வைத்தனர். பெயர் தாங்கியதைத் தள்ளி, பெயரற்றதைத் தழுவிக்கொண்ட அத்தீர்ப்பு, மரபு என்பது பெயரில் அன்று, பண்பில் உள்ளது எனக் கூறாமற் கூறியது.

இரு கூட்டத்தாருக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடும் உண்டு. திரைப்படச் சுவைஞர் கலைக்கு உரிமையாளர் அல்லர். ஆக்கம் முடிந்தபின் பேசுவதே அவர்களுக்கு இயலும். வசூல் அவர்களைப் பொருட்படுத்தாமலும் போகலாம். களரியைச் சூழ்ந்தவரோ ஆடுவோனின் மாமனும் மச்சானும் ஆவர். அவர்கள் கூறிய குறை அடுத்த இரவுப் பயிற்சியிலேயே திருத்தமாக மாறிற்று. ஆகவே களரி சிதையும்போது இழக்கப்படுவது ஓர் ஆட்டம் மட்டுமன்று, அதனைத் திருத்தும் அறிவுமாகும்.

அவ்விழப்பு மட்டக்களப்பில் கற்பனையன்று. 1980கள் தொடக்கம் போர்ச் சூழலில் விடியவிடியக் கூடியிருத்தல் அரிதாயிற்று. தன்னாமுனைக்கு அண்மையிலுள்ள சத்துருக்கொண்டானில் 1990 செப்ரெம்பரில் பொதுமக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். பல ஊர்கள் இடம்பெயர்ந்தன. ஏடு எஞ்சிய இடத்திலும், அதிலுள்ள பாடலை எவ்வாறு பாடினால் பிழை என்று சொல்ல வல்லவர் குறைந்தனர்.

எனினும் வாதம் அற்றுப்போகவில்லை. 'இராவணேசன்' முதலியவற்றில் நடித்த சி. மௌனகுரு பிற்காலத்தில் அதனைப் புதுக்கி மேடையேற்றினார். 2000களின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கரும் அவருடன் இணைந்தோரும் சீலாமுனையில் கூத்தை மேடைக்குக் கொணராமல் களரியிலேயே வைத்து, ஊராரின் கலந்துரையாடலால் மீளுருவாக்க முயன்றனர். எது கூத்துக்கு வலிமை, எது தளர்ச்சி என இவ்விரு நெறியினரிடையே எழுந்த கருத்து மாறுபாடு கூர்மையானது. 1962 இல் எழுந்த வினாவே அதில் மீண்டும் ஒலித்தது. ஆயினும் இம்முறை அதற்கு விடை கூறும் உரிமை ஊராருக்கும் உண்டு என்பது வெளிப்படையாகப் பேசப்பட்டது.

தன்னாமுனை வழியே செல்லும் வீதியின் ஒரு முனையில் நகரத்து மேடையும் மறுமுனையில் பல்கலைக்கழகமும் உள்ளன. இடையிலும் அயலிலும் உள்ளவை களரிகள். மேடையும் ஆய்வும் கூத்தைப் பதிவுசெய்யலாம், பாராட்டலாம், பட்டமும் வழங்கலாம். பாராட்டு எளிதிற் கிடைப்பது. நேற்றைய கூத்தில் தருமரின் வரவு தளர்ந்துவிட்டது என்று சினந்து கூற ஒரு முதியவர் இருப்பதும், அதனை மறுத்துரைக்க ஓர் இளைஞன் இருப்பதுமே அரிது. அவ்விருவரும் உள்ளவரை தாழ்ந்த ஆக்கத்தால் கூத்துக்குக் கேடில்லை.