ஓ.எம்.ஆர் டிராஃபிக்குக்கு பயந்து உள்ரோட்டில் போறீங்களா? மேப்புக்கு தெரியாத விஷயங்கள் இதோ!

தாம்பரத்தில் இருந்து சிறுசேரி சிப்காட்டுக்கு பைக்கில் போக, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஓ.எம்.ஆரைப் பிடிக்கலாம். இல்லையென்றால் வண்டலூர் - கேளம்பாக்கம் சாலை. இரண்டிலும் நெரிசல் என்றால் சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம், காரணை, தாழம்பூர் என ஊர்களுக்குள் புகுந்து போகும் உள்ரோட்டை மேப் காட்டும். பகலில் பெரிய பிரச்சனை இல்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து, மழையும் சேர்ந்துகொண்டால்தான் சிக்கல்.

மேப் ஏன் சந்துக்குள் விடுகிறது?

கூகுள் மேப்ஸின் டூ-வீலர் மோடு 2017 டிசம்பரில் முதன்முதலில் இந்தியாவில்தான் அறிமுகமானது. கார் நுழைய முடியாத குறுக்குவழியையும் இது கணக்கில் எடுக்கும். நேரம் மிச்சம்தான். ஆனால் அந்த ரோட்டில் விளக்கு எரிகிறதா, நேற்று பள்ளம் தோண்டினார்களா, ஏரி நிரம்பி கலங்கல் தண்ணீர் குறுக்கே ஓடுகிறதா என்பதை யாராவது தெரிவித்தால் ஒழிய மேப் அறியாது.

2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டிருந்த பாலத்தில் மேப் காட்டிய வழியே போன கார் ராமகங்கை ஆற்றில் விழுந்து 3 பேர் உயிரிழந்தனர். சிறுசேரி பக்கம் அப்படி பெரிய ஆறு கிடையாது. ஆனால் ஏரிக்கரைகள் உண்டு, ஒட்டியம்பாக்கத்தில் தண்ணீர் தேங்கிய பழைய கல்குவாரி உண்டு, மனை போட்டதோடு நிற்கும் லேஅவுட் ரோடுகளும் உண்டு. மேப்பில் எல்லாமே ஒரே மாதிரி கோடுதான்!

சிக்னல் போனால்?

பயப்பட வேண்டாம். ஜி.பி.எஸ் சாட்டிலைட்டில் இருந்து நேரடியாக வருவது, அதற்கு டேட்டா தேவையில்லை. டேட்டா தேவைப்படுவது மேப்பை இறக்கத்தான். கூகுள் மேப்ஸில் உங்கள் ப்ரொஃபைல் படத்தைத் தொட்டு, 'ஆஃப்லைன் மேப்ஸ்' பகுதியில் தாம்பரம் முதல் கேளம்பாக்கம் வரை வீட்டு வைஃபையிலேயே டவுன்லோடு செய்துவிடலாம். ஆஃப்லைனில் டிராஃபிக் நிலவரம் வராது.

ரோடே சொல்லும் அடையாளம்

மைல்கல்லின் மேல்பகுதி மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. வழி தவறிவிட்டால் மஞ்சளையோ பச்சையையோ தேடுவது நல்லது. பஸ் ஓடும் ரோடும் நம்பிக்கையான ரோடுதான். பஸ் ஸ்டாப் பெயர்ப்பலகை தெரிந்தால் எந்த ஊரில் நிற்கிறோம் என்பதும் புரிந்துவிடும். திசை குழம்பினால், காலையில் சூரியன் இருக்கும் பக்கம் ஓ.எம்.ஆர், மாலையில் சூரியன் இறங்கும் பக்கம் ஜி.எஸ்.டி ரோடு. ராத்திரியில் தூரத்தில் அடுக்குமாடி வெளிச்சம் வரிசையாக தெரிந்தால் அநேகமாக அது ஓ.எம்.ஆர்தான்.

டீக்கடையில் கேட்பதிலும் ஒரு விஷயம் இருக்கு. "இது தாழம்பூர் ரோடா?" என்று கேட்டால் பாதிப்பேர் தலையாட்டிவிடுவார்கள். "அண்ணா, இந்த ரோடு எங்க போகுது?" என்று கேட்டால்தான் சரியான பதில் வரும்.

போனை கையில் பிடிக்கலாமா?

வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாதபடி போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதி அனுமதிக்கிறது. ஹேண்டில்பாரில் ஹோல்டர் மாட்டுவதே பாதுகாப்பு. ரோட்டில் தண்ணீர் ஓடினால் ஆழம் பார்க்க இறங்காமல் வண்டியைத் திருப்பிவிடுங்கள். மாட்டிக்கொண்டால் 112-க்கு அழைக்கலாம். உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும், அங்கே வேறு நெட்வொர்க் கிடைத்தால் அழைப்பு போகும்.