திருமயத்துக் கல்வெட்டும் வக்கீல் குமாஸ்தாவும்

"டிகிரி வாங்கிட்டு கேஸ் கட்டு தூக்கவா போறே?" என்று அப்பா கேட்டார். பதில் எங்கள் ஊர்ப் பாறையில் இருந்தது.

1887-ல் தீரர் சத்தியமூர்த்தி என்ற வக்கீலைப் பெற்ற திருமயத்தில், சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் வருமானத் தகராறு நெடுநாள் நடந்தது. 1245-ல் போசளத் தண்டநாயகர் அப்பண்ணா முன்னிலையில் அது தீர்ந்து, கல்லில் ஏறியது. தீர்ப்புச் சொல்ல ஒருவர் போதும். அது நிலைக்க எழுதும் கை வேணுமே!

நானும் ஒருமுறை நகல் மனு போடத் தாமதிச்சேன். ஒரு பாட்டியின் அப்பீல் கெடு தாண்டிப்போச்சு. தாமத மன்னிப்பு மனு போட்டுத்தான் மீண்டோம். அன்றுதான் தொழிலின் கனம் புரிந்தது.

1999-ல் தமிழக அரசு வக்கீல் குமாஸ்தாக்களுக்கு நலநிதிச் சட்டமும் இயற்றியது. தம்பிகளே, தயங்காம வாங்க; தேதியை மட்டும் மறக்காதீங்க!