ஓர் இயற்கணித மதிப்பெண்ணின் கதை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பள்ளிக் கால்பந்து என்பது ஏறக்குறைய ஊர்த்திருவிழா. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்த ஆட்டத்தைக் காண வெள்ளிக்கிழமை இரவுகளில் ஊரே திரளும். ஆனால் அப்போட்டிகளை நடத்தும் அமைப்பின் வரலாறு ஆடுகளத்தில் தொடங்கவில்லை. 1910இல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களுக்காக நிறுவிய சொற்போர்க் கழகமே அதன் மூலம். 1913இல் விளையாட்டுச் சங்கம் அதனோடு இணைந்தது. மாநிலக் கால்பந்துப் பட்டம் 1920இல்தான் வந்தது. கணிதம், அறிவியல், எழுத்துக்கூட்டல் போட்டிகளை இன்றும் அதே அமைப்பே நடத்துகிறது. எனினும் மூத்த பிள்ளையை இளையவன் மறைத்துவிட்டான்.

1984இல் மாநில அரசு ஒரு சட்டம் இயற்றியது: ஒரு பாடத்தில் 70 மதிப்பெண்ணுக்குக் குறைந்தாலும் ஆறு வாரம் ஆடக் கூடாது. 1988இல் டாலஸ் நகரின் கார்ட்டர் பள்ளி ஆட்டக்காரர் ஒருவரின் இயற்கணித மதிப்பெண் சர்ச்சைக்குள்ளாகி நீதிமன்றம் வரை சென்றது. கறுப்பின மாணவர்கள் பெரும்பான்மையாகப் பயின்ற பள்ளி அது. நிறப்பாகுபாடே இச்சர்ச்சையின் வேர் எனக் கருதியோர் பலர். நீதிமன்ற ஆணையின் துணையோடு ஆடிய கார்ட்டர் அணி, அரையிறுதியில் புகழ்பெற்ற பெர்மியன் பள்ளியை 14-9 என வீழ்த்தியது, பட்டத்தையும் வென்றது. சில ஆண்டுகளில் அப்பட்டம் பறிக்கப்பட்டது.

ஆடுகளத்திற்கு மேலாக வகுப்பறையை வைக்க எழுந்த சட்டம், ஆடுகளத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்து நிறுத்திற்று. பந்தையே தொடாத ஒரு மாணவனின் இயற்கணிதத்திற்காக எந்த ஊர் நீதிமன்றப் படியேறும்?