அக்காரமும் சீனியும்

சுவையை ஆறாகப் பகுத்தறிந்தது தமிழர் மரபு. அவற்றுள் இனிப்பைப் பிறந்த குழந்தையும் விரும்பும். அவ்விருப்பம் மானிடர் அனைவர்க்கும் பொது. ஆயின் எவ்வினிப்பு, எவ்வளவு, உணவில் எவ்விடத்து என்பனவற்றை அந்தந்த மண்ணின் பழக்கமே வகுக்கிறது. குஜராத்தியர் பருப்பில் வெல்லம் சேர்ப்பர். உடுப்பியார் சாம்பாரில் சேர்ப்பர். தென்பாண்டி நாட்டார் பெரும்பாலோர்க்குக் குழம்பில் இனிப்பு ஒவ்வாது. பழக்கம் மாறிவந்த வரலாற்றைத் திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய ஈரூர்களில் வழங்கும் சொற்களைக் கொண்டே ஓரளவு உணரலாம்.

நாச்சியார் திருமொழியில் ஆண்டாள், திருமாலிருஞ்சோலை அழகர்க்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் நேர்ந்துகொள்கிறாள். அந்நேர்த்தியை இராமானுசர் நிறைவேற்றினார் என்பது வைணவ குருபரம்பரைச் செய்தி. மார்கழி 27-ஆம் நாளாகிய கூடாரவல்லியன்று வைணவக் கோயில்களில் அரிசி, பால், நெய், வெல்லம் கூடிய இவ்வடிசில் இன்றும் படைக்கப்படுகிறது. ‘அக்காரம்’ என்பது ‘சர்க்கரா’ என்னும் வடசொல்லின் திரிபு. அவ்வடசொல்லே மேற்கே சென்று பாரசீகத்தில் ‘ஷகர்’ எனவும், அரபியில் ‘சுக்கர்’ எனவும், ஆங்கிலத்தில் ‘சுகர்’ எனவும் உருப்பெற்றது. தெற்கே சிங்களத்தில் ‘ஹகுரு’ என நின்று வெல்லத்தைக் குறிக்கிறது.

திருவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது இராசபாளையம். ஆந்திர நாட்டினின்று பெயர்ந்து வந்த ராஜுக்கள் வாழும் ஊர் அது. அவர்தம் வீட்டுமொழி தெலுங்கு. தெலுங்கில் வெல்லம் ‘பெல்லம்’ எனப்படும். ‘சக்கெர’ என்பது வெண்சர்க்கரை. தென்மாவட்டத் தமிழிலோ ‘சர்க்கரை’ என்றால் பழுப்பு நிற வெல்லத்தூள், வெண்ணிறத்தது ‘சீனி’. ஒரே வேர்ச்சொல் ஒரு மொழியில் வெண்மையையும் மற்றொன்றில் பழுப்பையும் சுட்டுவது நோக்கத்தக்கது. எனினும் தமிழரின் அதிரசமும் தெலுங்கரின் அரிசெலுவும் அரிசிமாவும் வெல்லப்பாகும் கூடிய ஒரே பண்டமே. பெயரால் பிரிந்தோர் சுவையால் கூடுகின்றனர்.

வெண்சர்க்கரையின் ஆட்சி பிற்காலத்தது. நெல்லிக்குப்பத்தில் 1842-இல் ஆலை தோன்றியது. 1932-ஆம் ஆண்டுச் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் இந்தியாவில் ஆலைகள் விரைந்து பெருகின. இன்று திருவில்லிபுத்தூருக்குப் புகழ் சேர்க்கும் பால்கோவா சீனியால் இனிப்பது. அதன் பெயரிலேயே பாதி தமிழ். பாதி வடநாட்டு வழக்கு. வடநாட்டுக் கோவா இனிப்பற்றது. பேடா முதலியன செய்தற்குரிய மூலப்பொருள். இங்கோ பால் சுண்டும்போதே சீனி சேர்ந்து, அதுவே முழுப்பண்டமாகிறது. 2019-இல் அது புவிசார் குறியீடும் பெற்றது. வந்த சுவையைத் தனதாக்கிக்கொள்ளுதல் ஓர் ஊரின் ஆற்றலேயன்றிக் குறையன்று.

கவலைக்குரியது சொல்லின் நிலையே. வணிகமும் அச்சும் ‘சர்க்கரை’யை வெண்மைக்கே உரியதாக்கி வருகின்றன. அப்பொருள் மட்டுமே எஞ்சுமாயின், நாளைய இளையோர் அக்கார அடிசிலைச் சீனிச் சோறாகவே எண்ணிப் படிப்பர். ஆண்டாளின் தடாவில் இருந்த நிறமும் மணமும் பாட்டிலிருந்தே அகன்றுவிடும். இதற்கு மாறாக நிற்கும் சான்று, வீடுதோறும் தைத்திருநாளில் பொங்கும் சர்க்கரைப் பொங்கல்: பெயர் சர்க்கரை; இடுவது வெல்லம். அகராதி மறந்தாலும் அடுப்பு மறக்கவில்லை. இனிமையைப் பாடும் கவிஞர், எந்த இனிமை என்று ஒருமுறை வினவிக்கொள்வாராயின் அச்சொல் பிழைக்கும்.